கோடு படிந்த வாரம்

கோடு ஒருவழியாகப் படிந்துவிட்டது.

வாணி திரையில் இருந்த வரைபடத்தை மறுபடி பார்த்தாள். சோதனையில் அகப்படும் பிழைகளை வாராவாரம் கூட்டிப் போட்டால் கோடு ஏறும். பிழைகள் தீரத் தீர ஏற்றம் குறைந்து கோடு தட்டையாகப் படியும். இன்னும் எத்தனை ஒளிந்திருக்கும் என்று அந்த வளைவை வைத்து அவள் மதிப்பிட வேண்டும்.

அந்த மதிப்பு ஒன்றுக்குக் கீழே வந்தால்தான் மென்பொருளை வெளியே விடலாம். குறைமாதக் குழந்தைகளுக்குத் துளித்துளியாக மருந்து ஏற்றும் பம்ப் அது.

மாசி மகம் முடிந்ததிலிருந்து இந்தக் கோடு அவள் உயிரை வாங்கியது. படியப் போகிறது என்று நினைக்கும்போதே எதிர் மேசையில் பம்பைச் சோதிக்கும் நிர்மலாதேவி அக்கா புதிதாக ஒரு பிழையைப் பதிவார்.

வாணி பேனாவை மேசையில் போடுவாள். பெருமூச்சு விடுவாள்.

மேலாளர் கணேஸ்வரன் கண்ணாடிக் கதவைத் திறந்து, இன்னுமா என்று கேட்டுவிட்டு மூடிக்கொள்வார்.

அந்தக் கோடு எதற்கு என்று அக்கா ஒருமுறை கேட்டார். சொன்னால் நேரமாகும், நீங்கள் பிழையை மட்டும் பதியுங்கள் என்றாள் வாணி.

அக்கா பதிந்தார். பேட்டரியை மாற்றினால் ஒரு பிழை. அளவை இருமுறை அழுத்தினால் ஒரு பிழை. வீட்டுக்கு, மஸ்ஜித் தானா ஊர்வரை கார் ஓட்டிப் போக வேண்டியவர், கிளம்புகிற நேரத்திலும் எதையாவது அழுத்திப் பார்ப்பார்.

இந்த வாரம் எதுவும் இல்லை.

மதிப்பு இறங்கியது. வாணி அறிக்கையை அனுப்பினாள். கணேஸ்வரன் அப்போதே மருத்துவமனையை அழைத்தார். வார்டில் இருக்கும் பம்புகளில் மென்பொருளை இன்றே ஏற்றிக்கொள்ளுங்கள் என்று அவர் சிரித்தபடி சொல்வது கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது.

நிர்மலாதேவி அக்கா பையில் கட்டி வாங்கிவந்த தே தாரிக் தேநீரை அவள் முன்னால் வைத்தார். இந்த வாரம் நீ ஒரு தடவைகூடப் பெருமூச்சு விடவில்லை, கவனித்தாயா என்றார்.

வாணிக்கும் சிரிப்பு வந்தது. “பிழையே வரலையே அக்கா, அப்புறம் என்னாத்துக்கு?”

அக்கா பைக்குள் கார் சாவியைத் துழாவினார்.

“யாரு சொன்னா வரலைன்னு? நெறைய இருக்கு லா. மொதல்ல ஒன் கோடு முடியட்டும்னு பதியாம வச்சிருக்கேன். திங்கக்கெழம மெதுவா போட்டுக்கிறேன்.”

வாணி எழுந்துபோய்க் கண்ணாடிக் கதவைத் திறந்தாள்.

கணேஸ்வரன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.