இன்னும் ஒரு அதிகாரம்

திருநின்றவூரில் மெர்சி பைபிளோடு போய்த் தட்டிய கதவுகள் எல்லாம் முகத்துக்கு நேரே சாத்தப்பட்டன. பவ்யா மட்டும் வேதபாடம் கேட்க ஒப்புக்கொண்டாள்.

"மத்தியானமா வரட்டுமா கண்ணு? வூட்டுக்காரரு பாத்தா கத்தப்போறாரு."

"வேணாங்க்கா. சாயங்காலம் அவரு வூட்ல இருக்கசொல்லவே வாங்க."

மெர்சி தினமும் போனாள். கணவன் உள்ளறையில் டிவி பார்ப்பான். பவ்யா கேள்விமேல் கேள்வி கேட்பாள். ஊழியத்துக்கு ஓர் ஆத்துமாவாவது கிடைத்ததே என்று மெர்சி உருகிப்போனாள்.

அன்றும் பைபிளை மூடி, "ஜெபம் பண்ணி முடிச்சுக்கலாமா?" என்றாள்.

பவ்யா அவள் கையை இறுகப் பற்றினாள்.

"இன்னும் ஒரு அதிகாரம் படிங்கக்கா." அவள் குரல் தாழ்ந்தது. "நீங்க கெளம்புனதும் அடிக்க ஆரம்பிச்சிடுவாரு."

உள்ளே டிவி சத்தம் நின்றது.