பொழுதைக் கட்டிப் போட்ட அரக்கன்

"ஏனுங்க டீச்சர், என்னைய அரக்கன்னு எழுதறதுக்கா புள்ளைங்களுக்குப் பாடம் நடத்தறீங்க?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் எட்டாம் வகுப்புக்குள் நுழைந்தார் மாரப்பன். சேவூர்ப் பக்கம் பெரிய பனியன் கம்பெனி வைத்திருப்பவர். பள்ளிக்கூடத்து மின்விசிறி எல்லாம் அவர் வாங்கிப் போட்டவைதான். கோபம் வந்தால் கழற்றிக்கொண்டும் போய்விடுவார் என்று ஊரில் பேச்சு.

சண்முகப்பிரியா டீச்சர் சாக்பீஸோடு திரும்பினார். கதை எழுதுவது எப்படி என்று கரும்பலகையில் படிப்படியாகப் போட்டிருந்தார்: ஆள், ஆசை, இடைஞ்சல், முடிவு. மூன்று படி ஏறி, கடைசிப் படியில் நின்றது வகுப்பு.

"அது கற்பனைங்க. பசங்களே சேர்ந்து எழுதறாங்க."

"என்னங்க கற்பனை? பொழுது சாயக்கூடாதுன்னு ஒரு அரக்கன் சூரியனைப் புடிச்சுத் தென்னமரத்துல கட்டிப் போட்டுட்டானாமா. அதனால ஒருத்தரும் ஊட்டுக்குப் போக முடியலையாமா. புள்ளைங்க சொல்லி ஊரெல்லாம் பரவிப் போச்சு; டீக்கடையில என்னையப் பார்த்துச் சிரிக்கறாங்க."

"அரக்கனுக்குக் கொம்பு இருக்குதுங்க. பனைமர உசரம். உங்களை எப்படிங்க..."

"கொம்பை உடுங்க! 'இன்னுங் கொஞ்ச நேரந்தான் கண்ணு'ன்னு சொல்லிச் சொல்லியே உக்கார வெச்சிருப்பானாமா. எங்க டெய்லர் புள்ளைங்ககிட்டத் தெனமும் நான் சொல்றதுதானுங்க அது. ஷிப்மென்ட் இருந்தா ஓவர்டைம் போடறது தப்பாங்க?"

தப்பு என்று யாரும் சொல்லவே இல்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று டீச்சருக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

"இந்தக் கதையை அழிச்சுப் போடுங்க. இல்லீன்னா ஹெட்மாஸ்டர்கிட்டப் பேசிக்கறேன்."

அது பிள்ளைகள் வெள்ளிக்கிழமை பிரேயரில் படிப்பதற்காக ஒரு வாரமாக அடித்துத் திருத்தி எழுதிய கதை.

"அழிக்கறது பெரிசில்லீங்க" என்றார் டீச்சர். "இன்னும் முடிவு எழுதலை. அதைக் கேட்டுட்டுச் சொல்லுங்க."

மாரப்பன் தயங்கினார். "அவனை என்ன பண்றதா இருக்கறீங்க?"

அனிதா எழுந்தாள். "பாதிப் பேரு அடிச்சுக் கொன்னு போடலாங்கறாங்க. பாதிப் பேரு, அவனே கயித்தை அவுத்து உட்டுட்டா மன்னிச்சுடலாங்கறாங்க. இப்பத்தானுங்க கை தூக்கப் போறோம்."

கடைசி பெஞ்சு வரைக்கும் பார்த்தார் மாரப்பன். எந்த முகத்திலும் பெரிதாக இரக்கம் தெரியவில்லை. சூப்பர்வைசருக்குப் போன் போட்டார்.

"வேல்குமாரு, இன்னிக்கு ஓவர்டைம் கெடையாது. அத்தனை பேரையும் ஊட்டுக்கு அனுப்பு... ஷிப்மென்ட்டை நாளைக்குப் பார்த்துக்கலாம்டா, இங்க என்னையக் கொல்றதா வேண்டாமான்னு ஓட்டெடுப்பு நடக்குது!"

வகுப்பே கைதட்டியது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"கயித்தை அவுத்துட்டேன் கண்ணுகளா. பார்த்து, நல்லபடியா எழுதிப் போடுங்க" என்றபடி கிளம்பினார்.

டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருட வேலையில் ஒரு கதை இப்படிப் பலித்து அவர் பார்த்ததே இல்லை.

"சபாஷ்! அவரை அரக்கனா வெக்கலாம்னு மொதல்ல யாருக்குத் தோணுச்சு?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தமிழ்செல்வன் தயங்கித் தயங்கி எழுந்தான்.

"பாவமுங்க மிஸ் அவரு. எதுக்கு வந்து கோவிச்சாருன்னே எங்களுக்குத் தெரியலீங்க. நாலு மணிக்கே பெல் அடிச்சும், கதை முடியட்டும்னு தெனமும் எங்களை ஊட்டுக்கு உடாம உக்கார வெக்கறது நீங்கதானுங்களே!"