வெயிலில் வந்த முகம்

“இது எங்க அக்கா இல்ல அண்ணாச்சி” என்றாள் மாடத்தி, மறுபடியும்.

வெங்கிட்டுவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. காலையிலிருந்து கொச்சங்காடி குடோனின் மொட்டைமாடிக்கு ஏறி இறங்கி முட்டி கழன்றுவிட்டது. ஆடி மாசத்து மட்டாஞ்சேரியில் வெயிலைப் பிடிப்பது என்ன லேசுப்பட்ட காரியமா?

புதுப் படத்தைப் பழசாக்குவதுதான் அவன் பிழைப்பு. டூரிஸ்டுகளுக்குக் கடை வைத்திருக்கும் ஷாஜி சேட்டன் டிஜிட்டல் கேமராவில் எடுத்து வரும் படங்களைக் கம்ப்யூட்டரில் கறுப்பை வெள்ளையாக்கி, வெள்ளையைக் கறுப்பாக்கி, பிளாஸ்டிக் தாளில் அச்செடுப்பான். கையால் மருந்து பூசிய காகிதத்தின் மேல் அந்தத் தாளை வைத்து, வெயிலில் காட்டிக் கழுவினால், தாத்தா காலத்துப் படம் போலப் பழுப்பாக வரும். வெளிநாட்டுக்காரர்கள் கொத்திக்கொண்டு போவார்கள்.

மாடத்தி கீழே குடோனில் சுக்கு சலிக்கிறவள், சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. ஒரு கல்யாண வீட்டுக் கும்பல் போட்டோவைக் கொண்டுவந்து, அதில் நகமளவுக்கு இருந்த ஒரு பெண்ணைக் காட்டியிருந்தாள்.

“செத்துப்போன எங்க அக்கா. இவள மட்டும் பெருசாக்கி, பழைய படமாட்டம் போட்டுக் குடுங்க.”

“ஸ்டுடியோவுல குடுத்தா கலர்லயே போட்டுத் தருவானே?”

“செத்து வருசக்கணக்காச்சு. நேத்து எடுத்தமாதிரி பளபளன்னு இருந்தா நல்லாவா இருக்கும்?”

விஷயம் இதுதான். அக்கா மகள் கற்பகத்தை உறுதி பண்ண மாப்பிள்ளை வீட்டார் நாளைக்கு வருகிறார்கள். பெண்ணின் அம்மா சாகவில்லை, ஓடிப்போனவள் என்று ஊரில் எவனோ கொளுத்திப் போட்டிருக்கிறான். சுவரில் மாலை போட்ட படம் ஒன்று தொங்கினால் வாய் அடைபடும். இல்லாவிட்டால் இந்தச் சம்பந்தமும் கைவிட்டுப் போகும். சாயங்காலம் ஊருக்குப் புறப்படும் சங்கிலிப்பாண்டியின் லாரியில் படம் போயாக வேண்டும்.

“வீட்டுல வேற படமே இல்லியா?”

“அவ புருசன் குடிச்சிட்டு வந்து எல்லாத்தையும் அடுப்புல போட்டுட்டான்.”

இத்தனைக்கும் படம் நன்றாகவே வந்திருந்தது. பூசினாற்போல் கன்னம், தலை நிறையப் பூ, வலது மூக்கில் ஒற்றைக்கல் மூக்குத்தி. எதிரே நின்றவளோ சுக்காக வற்றியிருந்தாள். அதே வலது மூக்கில், துவாரம் தூர்ந்துவிடாமல் இருக்க விளக்குமாற்று ஈர்க்கைக் கிள்ளிச் செருகியிருந்தாள். அங்கங்கே ஜாடை இருந்தது. கூடப்பிறந்தவளாயிற்றே, இருக்காதா பின்னே?

“போட்டோவுல உள்ளதத்தான் வெயிலு காட்டும். நான் என்ன வரையவா செய்யுறேன்?”

“கோவிச்சுக்காதீக அண்ணாச்சி. யாரோ மாதிரி இருக்கு. மூஞ்சி எங்கயோ கோணுது.”

“எங்க கோணுது? அதச் சொல்லு!”

“சொல்லத் தெரியலையே...” அவள் குரல் உடைந்தது. “அந்தப் புள்ள இனிமே அம்மான்னு பாக்கப்போறது இந்த ஒரு மூஞ்சியத்தான். அதாவது சரியா இருக்க வேண்டாமா?”

அதற்கு மேல் அவனால் கோபப்பட முடியவில்லை. மருந்து பூசி வைத்திருந்த கடைசிக் காகிதத்தை எடுத்தான். விரல்களெல்லாம் கறை பிடித்துக் கறுத்திருந்தன, துடைக்கக்கூடத் தெம்பில்லை. கடல் பக்கமிருந்து மழைமேகம் ஏறி வருவதைப் பார்த்துவிட்டு, அவசர அவசரமாகப் பிளாஸ்டிக் தாளை வைத்து, மேலே கண்ணாடியை அமுக்கி, வெயிலில் நீட்டினான்.

“தெய்வமே, கொஞ்சம் பொறுத்துப் பெய்யி” என்று வானத்திடம் கெஞ்சினான்.

கீழே அறைக்குக் கொண்டுவந்து கழுவியபோது, தொட்டித் தண்ணீரில் முகம் மெல்லத் தெளிந்து வந்தது. அப்போதுதான் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாளில் மை உள்ள பக்கம் கீழே இருக்க வேண்டும். களைப்பிலும் அவசரத்திலும் மாற்றி வைத்துவிட்டான். வலம் இடமாகி, இடம் வலமாகி, மூக்குத்தி இடது மூக்கில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

“போச்சு! எல்லாம் போச்சு!” தலையில் கை வைத்தபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். வெளியே தூறல் விழ ஆரம்பித்தது. இனி இன்றைக்கு வெயிலும் இல்லை, காகிதமும் இல்லை.

மாடத்தி தொட்டியின் மேல் குனிந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள்.

“இதுதான் அண்ணாச்சி! இப்பத்தான் சரியா வந்திருக்கு!”

“எந்தா மாடத்தி, உனக்குக் கிறுக்கா? பக்கம் மாறிக் கெடக்கு. மூக்குத்தியப் பாரு, எங்க இருக்குன்னு! உங்க அக்காவத் தெரிஞ்ச ஒருத்தரும் இப்படி ஒரு மூஞ்சியப் பாத்திருக்க மாட்டாங்க.”

அவள் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

“தெனமும் கண்ணாடியில பாக்குற என் மூஞ்சி எனக்குத் தெரியாதா அண்ணாச்சி?”