ஹெரால்டுக்கு ஒரு டானிக்

"ஏங்க, ஒரு காருக்கு எத்தனை தினுசாப் பெட்ரோல் ஊத்துவீங்க?"

காபித் தம்ளருடன் கார் ஷெட் வாசலில் நின்று கேட்டாள் முத்துத்தாய். உள்ளே அவள் கணவர் சண்முகையா டாங்கில் புனலை வைத்து, பச்சைப் பிள்ளைக்குப் பாலாடையில் மருந்து புகட்டுகிற பக்குவத்தில் எதையோ ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இது சும்மா பெட்ரோல் இல்லட்டி, டானிக் கலந்தது. வண்டி பாக்க ஆள் வாராருல்லா? இதைக் குடிச்சாத்தான் எஞ்சின் பேசும்."

"மண்ணெண்ணெய் வாடைல்லா அடிக்கு?"

"மருந்துன்னா வாடை அடிக்கத்தான் செய்யும். மதுரைச் சரக்கு. உனக்கு என்ன தெரியும்?"

முத்துத்தாய்க்கு மனசு குளிர்ந்துவிட்டது. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற மனுஷன் என்ன பாடுபடுகிறார் என்று, உள்ளே போய்க் காபியில் இன்னொரு கரண்டி சீனி போட்டுக் கொண்டுவந்தாள்.

வாக்கு என்றால் லேசுப்பட்ட வாக்கு இல்லை. போன மாதம் மேலநீலிதநல்லூர் வளைவில் சண்முகையா போன வேகத்துக்குக் கார் ரோட்டை விட்டிறங்கிப் பருத்திக்காட்டுக்குள் போய் நின்றது. பக்கத்து சீட்டில் முத்துத்தாய். மறுநாளே அவரைக் கோமதியம்மன் சன்னிதிக்கு இழுத்துப்போய், நெற்றியில் புற்றுமண்ணைப் பூசிச் சத்தியம் வாங்கிவிட்டாள். ஓட்டிப் பார்த்து, 'வேணும்' என்று யார் சொன்னாலும் மறுபேச்சில்லாமல் வண்டியை விற்றுவிட வேண்டும்.

அம்மன் சத்தியத்தை மீற முடியுமா? சண்முகையா மீறவில்லை. ஓட்டிப் பார்க்கிறவர் 'வேணும்' என்று சொல்லிவிடாமல் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அந்த ஹெரால்டு கார் அவருக்கு உயிர். தறிப்பட்டறையில் வந்ததையெல்லாம் அதில் கொட்டி, இரண்டு கார்புரேட்டர் வைத்து, எஞ்சினை ரேஸ் வண்டி கணக்காக மாற்றி வைத்திருந்தார். அந்த எஞ்சினுக்குச் சாதாப் பெட்ரோல் ஆகாது. ஊற்றினால் டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோலத் தட்டும். அதனால் திருநெல்வேலியிலிருந்து உசத்தி ரக ஹை ஆக்டேன் பெட்ரோலை டின்னில் வாங்கிவந்து, அதில் ஒரு மூடி ஆடிட்டிவ் மருந்தும் கலந்துதான் ஊற்றுவார்.

கார் பார்க்க ஆள் வருகிற நாளில் மட்டும் உள்ளூர்ப் பங்க் பெட்ரோல். கூடவே வீட்டு அடுப்பு மண்ணெண்ணெய் கால் பங்கு.

முதலில் வந்த ராஜபாளையத்துக்காரர் தெருமுனையிலேயே இறங்கிவிட்டார். அடுத்து வந்த கோவில்பட்டிக்காரர், "இது காரா, தறியா?" என்று கேட்டுவிட்டுப் பஸ் ஏறினார். இரண்டு தடவையும் சண்முகையா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வர, முத்துத்தாய்தான் ஆறுதல் சொன்னாள். பாவம் அவள்.

இன்றைக்கு வந்தவர் புளியங்குடி எலுமிச்சை வியாபாரி செல்லப்பா. காரை நிதானமாகச் சுற்றிவந்தார்.

"பிரேக் நல்லாப் பிடிக்குமா அண்ணாச்சி?"

"பிடிக்கும்."

"கதவு? போகும்போது தொறந்துக்கிடாதுல்லா?"

"அதெல்லாம் தொறக்காது. வேகத்தைப் பத்தி ஒண்ணும் கேக்கலையே?"

"அதான் ஓட்டிப் பாக்கப்போறோம்லா!"

செல்லப்பா ஸ்டியரிங்கைப் பிடிக்க, சண்முகையா பக்கத்தில் உட்கார்ந்தார். புளியங்குடி ரோட்டில் ஹெரால்டு இருமியது, விக்கியது, பின்னால் கருப்பாகப் புகைந்தது. எஞ்சின் ஒவ்வொரு தடவை தட்டும்போதும் சண்முகையாவுக்கு நெஞ்சில் வலித்தது. இன்றைக்கு ஒரு நாள் பொறுத்துக்கோ என்று மனசுக்குள் வண்டியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். புல்லுக்கட்டு ஏற்றிய சைக்கிள் ஒன்று மணியடித்து அவர்களை முந்திக்கொண்டு போனது.

"நல்லா மிதிங்க அண்ணாச்சி."

"மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். இதுக்கு மேல போகாதோ?"

"போகாது."

"ரிப்பேர் பாத்தாக்கூட?"

"மதுரை மெக்கானிக்கே கையை விரிச்சுட்டான். பொய் சொல்லி உங்க தலையில கட்ட எனக்கு மனசு வரலை." சண்முகையாவின் குரல் நன்றாகவே தழுதழுத்தது.

செல்லப்பா தலையாட்டினார். "தை மாசம் எம் மகளுக்குக் கல்யாணம் அண்ணாச்சி. கார் வாங்கித் தந்தாத்தான் ஆச்சுன்னு மாப்பிள்ளை ஒத்தைக்கால்ல நிக்காரு."

"புது மாப்பிள்ளைக்கா? ஐயய்யோ, கல்யாணத்தன்னைக்கே தள்ளிக்கிட்டுல்லா போவாரு! வேற நல்ல வண்டியாப் பாருங்க."

செல்லப்பா வண்டியை மெல்லத் திருப்பி வீட்டுக்கே கொண்டுவந்து நிறுத்தினார். வாசலில் முத்துத்தாய் அம்மனை வேண்டிக்கொண்டு நின்றாள். மூன்றாவது ஆளும் ஒழிந்தான் என்று சண்முகையா முகத்தைத் தொங்கப் போடத் தயாரானார்.

செல்லப்பா இறங்கினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கார் சாவியை மடியில் பத்திரமாகச் செருகினார்.

"பிடிச்சிருக்கு. எடுத்துக்கிடுதேன்."

முத்துத்தாய் கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். சண்முகையா பதறிப்போய்க் குறுக்கே வந்தார்.

"அ... அண்ணாச்சி, வண்டி ஓடவே இல்லையே!"

செல்லப்பா அவர் தோளில் கை வைத்தார்.

"மாப்பிள்ளைக்கு வேகம்னா கிறுக்கு அண்ணாச்சி. எம் மக பக்கத்துல உக்காந்து போகணும்லா, இப்பிடி ஓடாத வண்டியைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்!"