நேரில் பார்த்தவர்

"கையைக் கழுவிட்டு வா. கதை கேக்க வந்தவளும் கல்கல் உருட்டணும்" என்றாள் சித்தி.

ஜூடித் கழுவிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். மாவுத் தட்டுக்கு இந்தப் பக்கம் தன் குறிப்பு அட்டைகளின் கட்டு ஒன்றை வைத்தாள். அதைச் சுற்றியிருந்த ரப்பர் பாண்டைக் கழற்றவில்லை.

வியாழக்கிழமை. கோயிலுக்குப் போகிற கூட்டம் ஜன்னலுக்கு வெளியே நகர்ந்துகொண்டிருந்தது. மெழுகுவத்தி விற்கிறவனின் குரல் வந்து வந்து போனது. கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது.

சித்தி முள்கரண்டியின் முதுகில் பலகார மாவை அழுத்தி உருட்டினாள். வரிவரியாக, சின்னச் சங்குபோல ஒரு கல்கல் தட்டில் விழுந்தது. ஜூடித் உருட்டியது கரண்டியிலேயே ஒட்டிக்கொண்டது.

"முப்பத்தெட்டு வயசாச்சு. இன்னும் ஒண்ணு உருப்படியா வரலை."

"உங்க கரண்டி சரியில்லை, சித்தி."

"ஆமாமா, கரண்டி மேல போடு."

குடும்ப வரலாறு எழுத வேண்டுமென்று தொடங்கியது மழைக்காலத்தில். ஆபீஸில் அச்யுத் என்று ஒருவன் தன் குடும்பத்துக்கு எழுதி முடித்திருந்தான். விதியைச் சொன்னது அவன்தான். ஒரு செய்திக்கு ஓர் அட்டை. செய்திக்குக் கீழே, யார் சொன்னது. அதற்கும் கீழே, அவர் நேரில் பார்த்தாரா. பார்த்தவர் இல்லையென்றால் அட்டையைக் கிழித்துவிடு. மூன்று பேர் சொல்கிறார்கள் என்று நம்பிவிடாதே. மூன்று பேரும் ஒருவரிடம் கேட்டிருப்பார்கள்.

அம்மாவுக்கு ஐந்து அட்டைகள். பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், அடக்கம். நான்கும் கோயில் பதிவேட்டில் ஜூடித் தானே பார்த்து எழுதியவை. தேதி வரிசையில் இருந்தன.

ஐந்தாவதற்குத் தேதி கிடையாது. திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் நடுவில் அதைச் செருகியிருந்தாள்.

அவளிடம் இருக்கும் அம்மா அந்த அட்டை மட்டும்தான்.

காலைப் பனி. கேட்டுக்கு வெளியே அம்மா நிற்கிறாள். புடவைக்கு மேல் நீல ஸ்வெட்டர். ஒரு கமலா ஆரஞ்சை உரித்துக்கொண்டிருக்கிறாள். தோல் ஒவ்வொன்றாகப் பனிக்குள் விழுகிறது. விழுகிற சத்தம் இல்லை. அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளுக்கு அவசரமும் இல்லை. வாசனை மட்டும் கேட்டைத் தாண்டி வருகிறது.

சில நாள் பஸ்ஸில் கண்ணை மூடினால் அந்த வாசனை வரும். இறங்குமிடம் தவறிவிடும்.

அம்மா போனபோது ஜூடித்துக்கு நான்கு வயது. நான்கு வயதைச் சாட்சியாக வைக்க அவளுக்குத் துணிவில்லை. ஆனால் வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும், ஸ்வெட்டரின் நிறம்வரை. அதனால் அட்டையில் மூன்று பேரை எழுதினாள். அப்பா. மாமா. சித்தி.

பிறகு ஒவ்வொருவராகக் கேட்டாள்.

மாமா தங்கவயலிலிருந்து போனில், சித்தி சொல்லித்தான் தனக்குத் தெரியும் என்றார்.

அப்பா, "நான் பார்க்கலை" என்றார். பேப்பரைத் தாழ்த்தாமலே சொன்னார்.

மிச்சம் சித்தி.

ஜூடித் ரப்பர் பாண்டைக் கழற்றினாள்.

"சித்தி, கேட்டுக்கு வெளியே அம்மா ஆரஞ்சு உரிச்சது. நீங்க பார்த்தீங்களா?"

"என்னடி, போலீஸ் ஸ்டேஷன்ல கேக்கிற மாதிரி."

"பார்த்தீங்களா?"

முள்கரண்டி நின்றது.

"இல்லை."

மெழுகுவத்திக்காரனின் குரல் தூரமாகப் போயிருந்தது. ஜூடித் ஐந்தாவது அட்டையை உருவினாள். அதன் இரண்டு முனைகளையும் பிடித்தாள். பிடித்த இடம் மாவில் வெளுத்தது.

"அப்ப உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"நீதான்."

சித்தி மாவைப் பார்த்தே பேசினாள்.

"ஜன்னல் கம்பியைப் புடிச்சுக்கிட்டு, அம்மா கேட்டாண்ட நிக்கிறான்னு சொன்னே. ஆரஞ்சு உரிக்கிறான்னு சொன்னே. வீட்டுல இருந்தவங்க எல்லாம் எழுந்து ஓடினோம். வெறும் பனி. உங்கப்பா உன்னைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டு, என்ன போட்டிருந்தா, என்ன போட்டிருந்தான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. நீ நீல ஸ்வெட்டர்னே. அன்னிக்குப் பூரா அதையேதான் கேட்டாரு. நீயும் சலிக்காம சொன்னே."

"என்னிக்கு, சித்தி?"

சித்தி சொன்னாள்.

வெளியே யாரோ ஒரு குழந்தையைக் கூப்பிட்டார்கள். குழந்தை பதில் சொன்னது.

"கிழிச்சிடுவியா?" என்றாள் சித்தி.

ஜூடித் முனைகளை விட்டாள். பேனாவை எடுத்து, மூன்று பெயர்களையும் அடித்தாள். யார் சொன்னது என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். நேரில் பார்த்தாரா என்ற இடத்தில், ஆம்.

மேலே தேதியை எழுதினாள். மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அந்த அட்டையை, தேதி வரிசைப்படி, அடக்கம் என்று எழுதிய அட்டைக்குப் பின்னால் வைத்தாள்.