காருக்கு வைத்த பொட்டு

ஓட்டுபவர் களைத்திருந்தால் அந்தக் கார் நகராது. ஸ்டியரிங்குக்கு மேலிருக்கும் கேமரா முகத்தைப் பார்த்து, "களைத்திருக்கிறீர்கள், கொஞ்சம் படுங்கள்" என்று சொல்லிவிடும். அந்த வீட்டில் மகிழினியிடம் அப்படிச் சொல்வது அது ஒன்றுதான்.

ஆயுதபூஜையன்று காரைக் கழுவி, சமையலையும் முடித்துவிட்டு, மாமியாரை அழைத்துவர ஏறி உட்கார்ந்தாள். கார் ஒன்றும் சொல்லவில்லை. கேமராவை மூடிச் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன.

"நான்தான் பொட்டு வெச்சேன். இனிமே நைநைன்னு பேசாது பாரு," என்று சிரித்தான் கணவன் சஞ்சித். "அம்மா பஸ் ஸ்டாண்டுல நிக்கறாங்க, சீக்கிரம் போ."

தெருமுனையில் ஓரங்கட்டிய மகிழினி, முந்தானையால் பொட்டைத் துடைத்தாள்.

"களைத்திருக்கிறீர்கள், கொஞ்சம் படுங்கள்."

சஞ்சித்துக்குப் போன் போட்டாள்.

"வண்டி நகர மாட்டேங்குது. நீயே ஆட்டோவுல போய் அத்தையக் கூட்டிட்டு வா."

பிறகு இருக்கையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.