ஹெல்மெட் பானு

"பேரு, விலாசம், போன் நம்பரு எல்லாம் கேக்குது கொழுந்தனாரே. குடுத்தா நேரா அந்தப் பிள்ள கைக்குப் போயிரும்னும் போட்டிருக்கு."

"போகட்டும் மதினி. கேலி பண்றது குத்தமில்ல. சட்டத்துலயே அதுக்கு இடமிருக்கு."

போன வாரம் மதினி முருகலட்சுமியிடம் அத்தனை வீறாப்பாகப் பேசியதை, இப்போது ஜன்னலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நினைத்துப் பார்த்தான் பூமிநாதன். எதிர் டீக்கடை வாசலில் ஒரு வேன் நின்றது. பக்கத்தில் மீசையை முறுக்கியபடி இருளாண்டி. மகள் பானுப்பிரியாவின் வீடியோக்களில் மிளகாய்ச் சாக்கைத் தூக்கிவந்து போட்டுவிட்டுப் போகிற அதே மனிதர்.

திருப்புல்லாணிப் பக்கத்துப் பானுப்பிரியாவின் சமையல் சேனலைத் தெரியாதவர்கள் ராமநாதபுரத்தில் குறைவு. முண்டு மிளகாயை அம்மியில் அரைத்து மீன் குழம்பு கூட்டி, "காரமில்லாத சோறு யாருக்கு வேணும்?" என்று கண்ணைச் சிமிட்டுவாள்.

அதையே பூமிநாதன் செய்து காட்டுவான். மதினியின் சேலையைக் கட்டி, முகம் தெரியாமலிருக்க ஹெல்மெட் மாட்டி, அதைச் சுற்றி மல்லிகைச் சரம் வைத்துக்கொள்வான். குழம்பை ருசி பார்க்கும்போது முன்கண்ணாடியைத் தூக்க மறந்து, கரண்டி டங்கென்று முட்டும். மதினிதான் படம் பிடிப்பாள். அவள் சிரிப்பதில் பாதி வீடியோ ஆடும்.

தன் வீடியோவிலிருந்து ஒரு துண்டை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறான் என்று பானுப்பிரியா வீடியோ தளத்துக்காரர்களிடம் புகார் கொடுத்துவிட்டாள். சினிமாப் பாட்டுச் சேர்த்ததற்காக ஏற்கெனவே இரண்டு முறை எச்சரிக்கை வாங்கியவன் அவன். இது மூன்றாவது. நிலைத்துவிட்டால் சேனலே காணாமல் போய்விடும். இத்தனை காலம் கூட்டிச் சேர்த்த சிரிப்பெல்லாம் அதோடு போகும்.

நையாண்டி செய்வதற்காகத்தான் எடுத்தேன் என்று மறுப்பு அனுப்பினான். மறுப்பு அனுப்புகிறவர் உண்மையான பெயரும் விலாசமும் கொடுத்தாக வேண்டுமாம். அதுவரை ஹெல்மெட்டுக்குள் இருப்பது யாரென்று மதினியைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

வேனில் வந்தவர்கள் உடனே தெருவைத் தாண்டவில்லை. இருளாண்டி எழுந்திருக்கும்போதெல்லாம் அவர் மனைவி இராமலட்சுமி வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். பால் வாங்கப் போன மதினி விவரத்தோடு திரும்பினாள். ராகுகாலம் முடியட்டும் என்று அந்தம்மா சொல்கிறாராம்.

"சண்டைக்குக்கூட நேரம் பாத்து வாராக. ஜெயிக்கணும்ல" என்றாள் மதினி.

நேரம் முடிந்தது. வந்தார்கள். இருளாண்டி பாயில் உட்காரவில்லை, கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை. கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணை ஊர் சிரிக்க வைத்துவிட்டாய் என்று தொடங்கி, உத்தரகோசமங்கைத் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினார். பூமிநாதன் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைத் தட்டுத்தடுமாறிச் சொன்னான். விமரிசனம் செய்யவும் நையாண்டி செய்யவும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம், அது திருட்டு ஆகாது என்றான்.

"சட்டத்த நீயே வச்சுக்க தம்பி. எங்க ஊருல ஒரு பிள்ளையக் கேலி பண்ணணும்னா அதுக்கு முறை வேணும். நீ என்ன மாமன் மகனா, அத்த மகனா? எந்த முறையில எம் மகளக் கேலி பண்ணுன?"

பூமிநாதன் மதினியைப் பார்த்தான்.

மதினி சமாதானத்துக்கு வந்தாள். கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை, வெறும் தமாஷ்தான் என்று சொல்லி, கரண்டி முட்டுவதைக் கையால் செய்தும் காட்டினாள். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்ற பானுப்பிரியா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின.

"பாரு, எம் பிள்ள அழுகுது" என்றார் இருளாண்டி. அவர் குரலே உடைந்தது.

அதைப் பார்த்ததும் பூமிநாதனின் வீறாப்பெல்லாம் கரைந்தது. தனக்கு எந்த முறையும் கிடையாது, செய்தது தப்புத்தான் என்று ஒப்புக்கொண்டான். எல்லாவற்றையும் இப்போதே அழித்துவிடுகிறேன் என்று போனை எடுத்தான்.

"அழிச்சுராதீங்க" என்றாள் பானுப்பிரியா.

துப்பட்டாவை விலக்கியிருந்தாள். கண்ணில் நீர் இருந்தது நிஜம்தான். சிரிப்பை அடக்கி அடக்கி வந்த நீர். புகாரைக் காலையிலேயே வாபஸ் வாங்கிவிட்டதாகவும், மெயிலைப் பார்க்கும்படியும் சொன்னாள். பார்த்தான். இருந்தது. சேனல் பிழைத்துவிட்டது.

அவனுடைய ஒவ்வொரு வீடியோவுக்கும் கீழே யாருங்க நீங்க, எந்த ஊரு என்று எழுதி எழுதிக் கேட்டும் ஒருநாளும் பதில் வரவில்லை என்றாள். விலாசத்தைக் கறக்க வேறு வழி தெரியவில்லையாம்.

இருளாண்டி மீசையிலிருந்து கையை எடுத்தார். "பின்ன எதுக்குத் தாயி, வேன் பிடிச்சு எங்கள இங்கன கூட்டியாந்த?"

பானுப்பிரியா அம்மாவைப் பார்த்தாள். அம்மா மின்விசிறியைப் பார்த்தாள். ஒரு வருடமாக அப்பாவிடம் சொல்ல வந்து, வந்து, விழுங்கியதை அவள் இப்போது சொன்னாள்.

"முறைதான இல்ல? கட்டி வைங்கய்யா, தானா வந்துரும்."